எல்லாம் ஒரிஜினல் சார்!

வண்டியை விற்பீர்களா என்று அவரிடம் கேட்கலாம். கோபப்பட மாட்டார், உள்ளூர மகிழ்வார். மைலேஜ் என்ன கொடுக்கிறது என்றும் கேட்கலாம்; சிரித்து மழுப்புவார். ‘இதுல எதையாவது மாத்தியிருக்கீங்களா சார்?’ என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார், துடைப்பார், மறுபடி மாட்டிக்கொண்டு நம்மை ஒரு பார்வை பார்ப்பார். “எல்லாம் ஒரிஜினல்.”

இவரை ஒரிஜினல்காரர் என்றே வைத்துக்கொள்வோம். கோவை ரேஸ்கோர்ஸ் பக்கம் என்றால் அம்பாசடர் வைத்திருப்பார். மும்பையில் வேலை பார்த்துத் திரும்பியவர் என்றால் பத்மினி. ஆனால் இந்த இனத்தின் உயர்ந்த ரகம் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்தான். 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் பிறந்த கார் அது. இத்தாலிக்காரரான மிக்கெலோட்டி வரைந்த உருவம். 1961இல் மதராஸுக்கு வந்து வண்டலூரில் தயாரானது. “நம்ம ஊர் கார் சார்!” என்பார். இங்கிலாந்தில் பிறந்து இத்தாலிக்காரர் வரைந்தது நம்ம ஊர் காரா என்று இழுத்தால், “கிரிக்கெட் மட்டும் திருவல்லிக்கேணியிலயா பொறந்துது?” என்று வாயை அடைத்துவிடுவார்.

எங்கள் தெருவில் இருப்பவர் வைத்திருப்பது 1967 மாடல். ஓய்வு பெற்ற அதிகாரி. ஹெரால்டின் பானெட்டுக்குக் கீல் மூக்குப் பக்கம். தூக்கினால் மட்கார்டும் ஹெட்லைட்டுமாக மொத்த முகமும் முன்னால் சாய்ந்து, எஞ்சின் நட்டநடுவே வெளியில் வந்து நிற்கும். முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை செய்யலாம். ஓய்வு பெற்ற பிறகு அவர் அதிகம் உட்கார்ந்த ஆசனம் அதுதான். வீட்டு சோபாவில் அவர் உட்கார்ந்து பார்த்ததாக அவர் மனைவிக்கே நினைவில்லை.

ஐப்பசி பிறந்து நாலு தூறல் போட்டால் வண்டி மிஸ்ஸிங் அடிக்கத் தொடங்கும். ஈரம் பட்டால் பழைய பிளக் ஒயரில் கரண்ட் நிற்காது; பிளக் வரை போகச் சோம்பல்பட்டுக்கொண்டு பக்கத்தில் கிடைத்த இரும்பில் இறங்கிவிடும். இதை இருட்டில் கண்ணால் பார்க்கலாம் என்பதுதான் அவருக்கு வசதியாகப் போயிற்று. ஒரு நாள் ராத்திரி தெருவில் கரண்ட் போனது. எல்லாரும் இன்வெர்ட்டரைத் திட்டிக்கொண்டிருக்க, இவர் மட்டும் வீடு வீடாகக் கூப்பிட்டார். “டார்ச்சை அணைங்க, பாருங்க!” எஞ்சின் முக்கி முனகி ஓடிக்கொண்டிருந்தது. ஒயர்களின் மேல் நீல நிறத்தில் சிறு சிறு நூல்கள் சிமிட்டிச் சிமிட்டி ஓடின, சடசடவென்ற மெல்லிய சத்தத்தோடு. உண்மையிலேயே அழகு. “மூவாயிரம் ஆர்.பி.எம்.ல நிமிஷத்துக்கு ஆறாயிரம் ஸ்பார்க், செகண்டுக்கு நூறு!” என்று விளக்கிக்கொண்டே போனார். மாடிவீட்டுக் குழந்தை கைதட்டியது. அதற்குள் தெருவில் கரண்ட் வந்துவிட்டது. அவர் முகத்தில்தான் இருட்டு.

ஆக, ஒயர் மாற்ற வேண்டும். சாதாரண ஜனங்களுக்கு இது ஒரு காலை வேலை. பேட்டரியிலிருந்து சாவி, சாவியிலிருந்து காயில், காயிலிலிருந்து டெல்கோ, டெல்கோவிலிருந்து நாலு பிளக், தீர்ந்தது. டெல்கோ என்று மெக்கானிக் பாய் சொல்லும்போதெல்லாம் இவர் “டிஸ்ட்ரிப்யூட்டர்” என்று திருத்துவார். பாய் “அதான் சார், டெல்கோ” என்பார்.

முதல் பிரச்சினை, எந்த ஒயர் என்பது. இப்போது கடையில் கிடைப்பதில் பெரும்பாலும் உள்ளே கரி நூல்; ரேடியோவில் இரைச்சல் வராமல் இருக்கப் போட்டது. இவருக்கு உள்ளே செம்புக் கம்பிதான் வேண்டும், 1967இல் அதுதான். அந்தக் காலத்தில் தெருவில் ஸ்கூட்டர் போனால் டிவியில் கோடு கோடாக விழுமே, அந்த வகை உபகாரம். இன்றைக்கு மொட்டை மாடியில் யாரிடமும் ஆன்டெனா இல்லை, புகார் சொல்ல ஆளில்லை என்பதில் அவருக்கு லேசான வருத்தம்கூட உண்டு. ஜெனரல் பேட்டர்ஸ் ரோடில் கடை கடையாக ஏறி, புதுப்பேட்டைச் சந்துகளில் இறங்கி, கடைசியில் கறுப்புச் சுருள் ஒன்றோடு வந்தார். கூடவே துணி பின்னிய ஸ்லீவ், வெள்ளை ஒயர், வெள்ளையில் கறுப்புக் கோடு போட்ட ஒயர். லூகாஸ் கணக்கில் சாவியிலிருந்து காயிலுக்கு வெள்ளை, காயிலிலிருந்து டிஸ்ட்ரிப்யூட்டருக்கு வெள்ளை-கறுப்பு. இங்கிலாந்தில் லூகாஸை ‘இருட்டின் இளவரசன்’ என்று கேலி செய்வார்கள் என்று ஒரு முறை சொல்லிவிட்டேன். பாடி லூகாஸ் என்று பஸ் ஸ்டாப்பே வைத்திருக்கிற ஊரில் நின்றுகொண்டு இப்படிப் பேசலாமா என்று கேட்டார்.

பாய்க்கு இந்த நிற பேதமே கிடையாது. அவர் கையில் ஒரு டெஸ்ட் பல்பு, ஒரு சுருள் சிவப்பு ஒயர். உலகத்திலுள்ள எல்லா வண்டிக்கும் அந்தச் சிவப்பு போதும். இவர் பிளாஸ்டிக் உறை போட்ட வயரிங் படத்தை விரித்துப் பிடிக்க, பாய் அதன்மேல் நட்டுகளைப் பத்திரமாக வைத்தார்.

“பாய், வெள்ளை-கறுப்புதான் போடணும்.”

“கரண்டுக்குக் கலர் தெரியுமா சார்?”

“கரண்டுக்குத் தெரியாது. பானெட்டைத் தூக்கிப் பாக்கறவனுக்குத் தெரியும்.”

இந்த ஒரு வாக்கியத்தில் ஒரிஜினல்காரரின் முழுத் தத்துவமும் அடங்கிவிட்டது. அவருக்கு அரசாங்கமே துணை. 2021இல் வந்த மத்திய அரசு விதிப்படி, ஐம்பது வயது தாண்டிய வண்டி அசல் வடிவத்தில் இருந்தால் 20,000 ரூபாய் கட்டி வின்டேஜ் என்று பதிந்து, நம்பர் பிளேட்டில் ‘வி.ஏ.’ எழுத்துகளோடு திரியலாம். திரியலாம் என்றால் கண்காட்சிக்கு, ஊர்வலத்துக்கு. தினசரி ஓட்ட அல்ல. விதி கவலைப்படுவது சேஸிஸ், பாடி, எஞ்சின் பற்றித்தான். ஒயரின் நிறம் பற்றி அதில் ஒரு வரி இல்லையே என்றேன். “அது அவங்க விட்டுட்டாங்க” என்றார்.

பாய் டீ குடிக்கப் போன இடைவெளியில்தான் வினை. நம்மவர் நாலு பிளக் ஒயரையும் ஒரே நேரத்தில் பிடுங்கிவிட்டார். ஒன்றைக் கழற்றினால் அதை மாட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும் என்பது மெக்கானிக் கடைச் சிறுவனுக்கும் தெரிந்த பாலபாடம். இவருக்கு அந்தக் கவலை இல்லை, ஏனென்றால் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் பற்றும் வரிசை, மனப்பாடம்: ஒன்று, மூன்று, நாலு, இரண்டு. அவருடைய ஏடிஎம் நம்பர், செல்போன் பூட்டு, சூட்கேஸ் பூட்டு எல்லாமே 1342தான். இதை எழுதுவதால் அவருக்கு நஷ்டமில்லை. தெரு முழுக்கத் தெரியும்.

வரிசை சரி. சுற்று தப்பு. ஹெரால்டில் டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் இருக்கும் ரோட்டார் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். இவர் முள் போகிற பக்கமாகவே மாட்டிவிட்டார். ஒன்றும் நாலும் சரியான இடத்தில், இரண்டும் மூன்றும் இடம் மாறி. சாவியைத் திருப்பியதும் கார்ப்பரேட்டர் பக்கம் ‘டமார்’ என்றது. காருக்கடியில் குடியிருந்த பூனை அதன்பிறகு எதிர்வீட்டுக்கே போய்விட்டது. அவர் மனைவி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். “ஏங்க, இதுவும் ஒரிஜினல் சத்தமா?”

பாய் திரும்பி வந்தார். எதுவும் கேட்கவில்லை. இரண்டு ஒயரை இடம் மாற்றினார். அடுத்து, டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் பாயிண்ட் இடைவெளி. பதினைந்து தௌ, அதாவது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு. இவர் இறக்குமதி ஃபீலர் கேஜை எண்ணெய்த் துணியிலிருந்து பிரிப்பதற்குள், பாய் டாஷ்போர்டில் கிடந்த ஒரு விசிட்டிங் கார்டை எடுத்துப் பாயிண்டுக்கு நடுவே நுழைத்து, திருகை இறுக்கி, கார்டை உருவி வீசிவிட்டார். வண்டி முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. கீழே கிடந்த கார்டில் ‘டெபுடி ஜெனரல் மேனேஜர்’ என்ற எழுத்தின் மேல் கிரீஸ். முப்பத்தைந்து வருஷம் பார்த்த உத்தியோகத்துக்கு அப்படியொரு பயன் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது என்று அவரே சொன்னார். பெருந்தன்மையான மனிதர்.

ஆனால் பாயிண்டும் கண்டென்ஸரும் பழையபடி உழைப்பதில்லை. இப்போது வரும் கண்டென்ஸர், சூடேறினால் கையை விரித்துவிடுகிறது. இரண்டு முறை நடுரோட்டில் நின்ற பிறகு ஒரு நாள் கூரியரில் சின்ன அட்டைப்பெட்டி வந்தது. போர்ட்டிகோ கேட் சாத்தப்பட்டது. நான் செய்தித்தாள் வாங்கப் போன சாக்கில் எட்டிப் பார்த்தேன். டிஸ்ட்ரிப்யூட்டர் மூடி திறந்திருக்க, பாயிண்டும் கண்டென்ஸரும் வெளியே கிடக்க, அந்த இடத்தில் பாய் ஒரு கறுப்பு வில்லையைத் திருகிக்கொண்டிருந்தார். எலக்ட்ரானிக் இக்னிஷன். வீட்டில் சுத்த சைவம் பேசுகிறவர் ஆம்லெட் கடையில் அகப்பட்ட மாதிரி நின்றார் நம்மவர்.

“டெம்பரரி” என்றார்.

“ஆமா சார்” என்றார் பாய், யாருக்கு ஆமாம் போட்டார் என்று தெரியாதபடி.

அன்றிலிருந்து ஹெரால்டு ஒரே சாவியில் பிடிக்கிறது, மழையிலும் பிடிக்கிறது. அவர்தான் கொஞ்சம் வாடிப்போனார். பானெட்டைத் தூக்கக் காரணம் வேண்டுமே. தேடிப் பிடித்து கிளிப்பைத் துடைக்கிறார், துணி ஸ்லீவுக்கு மெழுகு தேய்க்கிறார்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய கார்க் கண்காட்சி. வரிசையாக பானெட்டுகள் திறந்திருக்க, ஒவ்வொரு கார் பக்கத்திலும் ஓர் ஒரிஜினல்காரர். கல்லூரி மாணவன் ஒருவன் வந்தான். வெகு நேரம் குனிந்து பார்த்தான்.

“அங்கிள், பாயிண்ட் வெச்ச டிஸ்ட்ரிப்யூட்டர்லேர்ந்து காயிலுக்கு ஒரு சன்ன ஒயர்தானே வரணும்? இதுல ரெண்டு வருதே?”

நம்மவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கத் துணி அகப்படவில்லை. அந்த வரிசையில் அத்தனை பேரும் திடீரென்று அவரவர் ரேடியேட்டரை ஆராயத் தொடங்கினார்கள். பக்கத்து அம்பாசடர்காரர்தான் பையன் தோளில் கைபோட்டு, “தம்பி, அந்தப் பக்கம் பொங்கல் தர்றாங்க, தீர்ந்துடும், ஓடு” என்று அனுப்பிவைத்தார்.

பிறகு நிதானமாக ஹெரால்டு பக்கம் வந்து குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “ரெண்டு ஒயருக்கும் தனித்தனி ஸ்லீவ் போட்டா இப்படித்தான் சார் மாட்டிக்குவோம். ஒரே ஸ்லீவுக்குள்ள ரெண்டையும் விட்டுடுங்க. வாங்க, என்னுதைக் காட்டறேன்.”