களப்பணி

மன்னாரில் பல்கலைக்கழகம் கிடையாது. அதனால் என்ன, பேராசிரியர்களுக்குக் குறைவில்லை. ரொறன்ரோ, ஒஸ்லோ, மெல்பேர்ன் என்று ஊருக்கொருவர் நமக்காகவே உட்கார்ந்திருக்கிறார்கள்.

மெல்பேர்ன்காரரையே எடுப்போமே. ஆள் யாரென்று சொல்லமாட்டேன். படித்தது இலவசக் கல்வியில். கம்பசுக்குள் நுழைந்தது பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கென்று ஒதுக்கிய 5 வீதத்தில். விரிவுரையாளராகிக் கலாநிதிப் பட்டத்துக்குப் போகும்போது, திரும்பி வந்து கற்பிப்பேன் என்று எழுதிக் கொடுத்தார். மச்சான்காரன் பிணை நின்றான். அவர் வரவில்லை, காசைக் கட்டு என்று மச்சானுக்குத்தான் கடிதம் வந்தது. அந்த வருடம் பேராசிரியர் வெளியிட்ட கட்டுரை, தமிழ்ச் சமூகத்தில் பரஸ்பர நம்பிக்கை பற்றியது.

அரசு மட்டும் யோக்கியமா? 2022இல் கஜானா காலியானதும், 5 வருடம் சம்பளமில்லா லீவு, வெளிநாடு போய் டொலர் அனுப்புங்கள் என்று தன் ஊழியர்களுக்கே சுற்றறிக்கை விட்டது. படித்தவனைக் கருவாடு மாதிரிக் கட்டி ஏற்றிவிட்டு, மூளை வெளியேறுகிறதே என்று மேடையில் மூக்கைச் சிந்துகிறது.

லீவு கிடைத்தால் பேராசிரியர் வருவார். மன்னாரின் முசலிப் பக்கம் ஒரு முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரை போடுவார்கள். சோடா உடைப்பார்கள். அவர் ஒப்புதல் படிவத்தை வாசிப்பார்: "இந்த ஆய்விலிருந்து நீங்கள் எந்நேரமும் விலகிக்கொள்ளலாம்." ஆகா, என்ன மரியாதை! 1990 ஒக்டோபரில் முஸ்லிம்களைத் துரத்திய புலிகளும், 2007இல் முள்ளிக்குளம் கிராமத்தைக் காலிசெய்த படையினரும் இப்படியொரு படிவத்தை நீட்டவில்லையே.

"கடற்படை பிடிச்ச காணி எப்ப தம்பி கிடைக்கும்?" என்று கேட்கிறாள் கிழவி. "போன வருசம் வந்த பிள்ளையும் எழுதிக்கொண்டுதான் போனவ."

அதையும் எழுதிக்கொள்கிறார். அச்சில் வந்த பிறகு அவள் சொன்னதை அவளே வாசிக்க வேண்டுமென்றால் டொலர் கட்ட வேண்டும்.

அவர் சம்பளம் வாங்கும் அதே அவுஸ்திரேலியாவின் கம்பனியொன்று இல்மனைற் மணலுக்காக மன்னார்த் தீவெங்கும் துளை போட்டது. 2025 ஓகஸ்டில் மணல் அகழ்வுக்கும் காற்றாலைக்கும் எதிராகச் சனம் மன்னார் நகரில் இரவுபகலாகக் குந்தியிருந்தது. ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று பேராசிரியரிடம் கேட்டார்கள். மேலதிக ஆய்வு தேவை என்றார். நிதி கிடைத்தால் வருவாராம்.