மெயில் சர்வரா? பிரமாதமா போடு, பேராண்டி!

வா பேராண்டி, இப்படித் திண்ணையில உட்காரு. நம்ம ரைஸ்மில்லுக்குச் சொந்தமா மெயில் சர்வர் வைக்கப் போறியாமே! வையி, வையி. அது பெரிய கஷ்டம்னு சொல்றவன்ல பாதிப் பேரு கன்சல்டிங் பீஸ் வாங்குறவன். போஸ்ட்ஃபிக்ஸ் சாஃப்ட்வேரை ஏத்தி, பக்கத்துல டவ்காட்டை நிறுத்தினா, ராத்திரி சாப்பாட்டுக்குள்ள மெயில் வந்து விழும். கரண்டு போனாலும் கவலையில்ல. அனுப்பின சர்வர் நாலஞ்சு நாள் விடாம முயற்சி பண்ணும்.

வாங்குறதுதான் அப்படி. அனுப்பிப் பாரேன்!

ஜூன் 12ந் தேதி மேட்டூர் அணையைத் திறக்கப் பொத்தானை அமுக்கிப் போட்டோ எடுத்துக்கிறாங்களே, அன்னிக்கே வேதாரண்யம் கடைமடைக்குத் தண்ணி வந்துடுதா? கல்லணை தாண்டினப்புறமும் மதகுக்கு மதகு லஸ்கர் மனசு வைக்கணும். உன் மெயிலுக்கும் அதே கதிதான்.

மெயில் அனுப்ப 1982ல எழுதின எஸ்எம்டிபி விதியில, அனுப்புறவன் என்ன பேரு சொன்னாலும் நம்பிக்குவாங்க. கலெக்டர்னா கலெக்டர். களவாணிப் பயலுவ பெருகினப்புறம்தான் கெடுபிடி வந்துது. எந்த மெஷின் உன் பேருல அனுப்பலாம்னு எஸ்பிஎஃப்ல எழுதணும். டிகேஐஎம் முத்திரை வேணும். ரெண்டும் ஒத்துவராட்டி என்ன செய்யணும்னு டிமார்க்ல சொல்லணும். மொத்தமொத்தமா மெயில் அனுப்புறவனுக்கு 2024 பிப்ரவரியிலேர்ந்து கூகுளும் யாஹூவும் மூணையும் கட்டாயமாக்கிட்டாங்க. உனக்கு அவ்வளவு ஏது? ஆனா வீட்டு பிராட்பேண்டு ஐபின்னு தெரிஞ்சாலே பல இடத்துல வாசலோட சரி. அந்த ஐபியைத் திருப்பித் தேடினா உன் பேரு வரணும். அதை மாத்துறதோ லைன் குடுத்தவன் கையில. 550னு முகத்துக்கு நேரா திருப்பி அனுப்புறவன் யோக்கியன். 250 ஓகேன்னு இளிச்சுக்கிட்டே வாங்கி ஸ்பேம்ல தள்ளுறான் பாரு, அவனை எங்கே போய்த் தேடுவே?

மத்திய சர்க்காரே 12 லட்சம் ஊழியருங்க மெயிலை ஜோஹோவுக்கு மாத்திடுச்சு. அந்தக் கம்பெனியை ஆரம்பிச்ச ஸ்ரீதர் வேம்புவும் நம்ம தஞ்சாவூர் ஜில்லாக் குடும்பந்தான். நீ தவிட்டு மூட்டைக்குப் பக்கத்துல பழைய கம்ப்யூட்டரை வச்சு நடத்தப் போறே. தைரியம் நம்ம வம்சத்துலயே இருக்குடா. உன் பாட்டியைக் கட்டினவன் நான்.

வர்ற மெயிலை நீயே வாங்கிக்க, போற மெயிலை மட்டும் பேரெடுத்தவன் ரிலே வழியா விடு. மாட்டேன், நானேதான் அனுப்புவேன்னா, முதல்ல பேங்க் மேனேஜருக்கு அனுப்பிடாதே. தீபாவளிக்கு வரலேன்னு உன் மாமனாருக்கு ஒண்ணு போடு. போய்ச் சேர்ந்தா சர்வர் உருப்படி. சேரலேன்னா அங்கே விருந்து தயாரா இருக்கும், கிளம்பிப் போயிடு.