ரஞ்சன்குடிக் கோட்டைமேல் திருச்சி வானிலை: மூலமும் பாடபேதமும்

பாயிரம்

ஃப்ளைட் சிமுலேட்டரில் வானிலை ஆட்-ஆன் நிறுவுவது பற்றி இதுவரை எவரும் ஆராய்ந்திலர் என்று தொடங்குவது மரபு. ஆராய்ந்தவர் உளர், அவர்களைப் படியாதிருப்பதும் மரபே. களம் ரஞ்சன்குடி. பெரம்பலூருக்கு வடக்கே, திருச்சி–சென்னை நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் இக்கோட்டைக்காக 1751இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினர். அன்று காற்று எத்திசை என்று இருவருமே நமக்குச் சொல்லிப் போகாமையால் அப்போர் இங்குத் தவிர்க்கப்பட்டது.

மூலபாடம்

மூலம், ஆட்-ஆனோடு வரும் ரீட்மீ ஃபைல். படித்தவர் இலர், உரை கண்டவர் பலர். எனவே இது செவ்வியல் நூல். சிமுலேட்டரை அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கினால் ஆட்-ஆனையும் அவ்வாறே இயக்குக என்ற விதியை இடைச்செருகல் என்பார் ஒரு சாரார் (டீக்கடை பெஞ்சு, மேற்குக் கோடி). அவர்களுக்கு இன்னும் இணைப்புக் கிடைக்கவில்லை.

கடல்கோள்

நிறுவிய ஃபைல் மறைதல். கொண்டது ஆன்ட்டிவைரஸ்.

பதினைந்து டிகிரிச் சிக்கல்

அக்னி நட்சத்திரத்தில் கோட்டையடியில் விமானத்தை நிறுத்தினால் வெப்பமானி 15 டிகிரி காட்டுகிறது. அழுத்தம் 1013 ஹெக்டோபாஸ்கல். காற்றில்லை, மேகமில்லை. இதற்கு மூன்று கொள்கைகள்.

ரஞ்சன்குடி பண்டு ஊட்டி உயரத்தில் இருந்து பிறகு தாழ்ந்தது என்பது முதலாவது (அதே பெஞ்சு, கிழக்குக் கோடி, முதல் டம்ளர்). இம்மாவட்டத்துக் காரையில் கடல்வாழ் அம்மோனைட்டுகளின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன, கடலிருந்த இடம் குளிர்ந்தே தீரும், அக்குளிரை மென்பொருள் மறக்கவில்லை என்பது இரண்டாவது (அதே கோடி, இரண்டாம் டம்ளர், சர்க்கரை கூட்டித் திருத்திய பதிப்பு, முதல் பதிப்பில் அம்மோனைட் நத்தை என்றிருந்தது). இவ்விரண்டுக்கும் ஆளுக்கொரு முனைவர் பட்டம் தரலாம்.

மூன்றாவது கொள்கை சுவையற்றது. உண்மையாதலின் சுருங்கச் சொல்வோம். 15 டிகிரியும் 1013.25 ஹெக்டோபாஸ்கலும் சர்வதேசத் தர வளிமண்டலம் கடல்மட்டத்துக்கு வகுத்த அளவுகள். வானிலை வந்து சேராத சிமுலேட்டர் அவற்றையே காட்டும். ஃபயர்வாலில் ஆட்-ஆனுக்கு அனுமதி கொடுக்க வேண்டும். சிமுலேட்டரின் சொந்த லைவ் வானிலையை அணைக்க வேண்டும். இல்லையேல் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுக்க, காற்று நொடியில் திசை மாறி விமானம் குப்புற விழும்.

இடவாராய்ச்சி

இணைந்தபின் வருவதும் ரஞ்சன்குடி வானிலை அன்று. ஆட்-ஆன் உண்பது விமான நிலையங்கள் அரைமணிக்கோ ஒருமணிக்கோ ஒருமுறை வெளியிடும் மெட்டார் அறிக்கை. இங்கு விமான நிலையமில்லை. நேர்கோட்டில் ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திருச்சியே அருகில். சேலமும் புதுச்சேரியும் இன்னும் தொலைவு. இவற்றைக் கலந்து கணித்த காற்றே கோட்டைமேல் வீசும். ஒருவர் களத்துச் சின்ன வெங்காயத்தை நனைத்துவிட்டுப் பக்கத்து மக்காச்சோளக் கொல்லையை எட்டிப் பாராமலே போகும் மழை இக்கணக்கில் சேராது. ஒரே கல்வெட்டை வைத்து ஒரு மண்டலத்துக்கே வரலாறு எழுதுவோர் இதைப் பழிக்க வேண்டா.

காலவாராய்ச்சி

மெட்டாரில் 0830 என்றிருப்பதைக் காலை எட்டரை என்பர் அறியார். அது உலகப் பொதுநேரம். இங்கே பிற்பகல் இரண்டு. கணினியின் நேரமண்டலம் தவறினால் ஆட்-ஆனும் தவறும். வெயில் உச்சியில் விடிகாலைப் பனிமூட்டம் இறங்கும். நூல்களின் காலத்தை ஐந்நூறு ஆண்டு முன்பின்னாகக் குறிக்கும் துறையோடு ஒப்பிட, ஐந்தரை மணிநேரப் பிழை வியக்கத்தக்க துல்லியம் (அதே பெஞ்சு, இரு கோடியும் ஒருமித்து, கடை அடைக்கும் நேரம், கடன் கணக்கில்). மறுத்தவர் ஒருவர் உண்டு. பெஞ்சில் இடமின்றி நின்றபடி மறுத்தமையால் அவர் கருத்து அடிக்குறிப்புக்குத் தள்ளப்பட்டது. அடிக்குறிப்பு இக்கட்டுரைக்கு இல்லை.