பெண்ணாடத்தில் நீலம்: இரண்டடி உப்புத் தொட்டியை முன்வைத்து ஒரு விளக்கு ஆராய்ச்சி

ஊழி வெள்ளம் பொங்கி வந்தபோது, பெண்ணாடம் பிரளயகாலேசுவரர் கோயில் நந்தி வாசல் பக்கம் திரும்பி அதை ஊருக்குள் விடாமல் தடுத்தார் என்பது தலபுராணம். அப்பேர்ப்பட்ட ஊருக்குள் பரங்கிப்பேட்டைக் கடல்தண்ணீரை மூன்று கேன்களில் பஸ்ஸேற்றிக் கொண்டுவந்தவர் இந்த ஆய்வாளர். நந்தி கண்டுகொள்ளவில்லை. கண்டக்டர் கண்டுகொண்டு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். நம்மூர் வெள்ளாறு கடலில் கலக்கும் இடம்தான் பரங்கிப்பேட்டை. ஆறு கொண்டுபோய்க் கொட்டியதில் ஒரு சிறு பங்கைத் திருப்பிக் கொண்டுவந்ததாகவும் கருத இடமுண்டு.

ஆய்வுப் பொருள்: 60 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரமுள்ள கண்ணாடித் தொட்டி. கொள்ளளவு 54 லிட்டர். உள்ளே ஒரு ஜோடி கோமாளி மீன். தெருப் பிள்ளைகள் வழக்கில் ‘நெமோ’. ஆய்வுச் சிக்கல்: இவற்றின் தலைக்கு மேல் எந்த எல்.இ.டி. விளக்கு, அதுவும் மாதக் கடைசியிலும் வாங்கும்படியான விலையில்?

முறையியலுக்கு வெளியூர் போகத் தேவையில்லை. மெய்கண்டார் பிறந்த ஊர் இது என்பது மரபு. சைவ சித்தாந்தம் காட்சி, கருதல், உரை என்று மூன்று அளவைகளை வைத்திருக்கிறது. ஒரு பொருள் உண்மையா என்று அறிய இவை போதும். விளக்கு வாங்கவும் போதுமென்று நம்பி ஆய்வாளர் புறப்பட்டார். வரிசைதான் தலைகீழாகிவிட்டது, எடுத்த எடுப்பில் உரையிடம் மாட்டிக்கொண்டார்.

உரை என்றால் ஆப்தர் வாக்கு, நம்பத்தக்கவர் சொல். பக்கத்து டவுன் வண்ணமீன் கடைக்காரரை ஆப்தராகக் கொண்டதில் முதல் பிழை நேர்ந்தது. “சால்ட் வாட்டர்னா ரீஃப் லைட்தான் சார் போடணும். 20,000 கெல்வின். இல்லன்னா மீனு டல்லடிச்சிரும்” என்றார். விலையைக் கேட்டு ஆய்வாளர் டல்லடித்தார். மனமிரங்கிய கடைக்காரர், மீட்டர் 120 ரூபாய்க்கு ஒரு நீல ஸ்டிரிப் லைட்டை வெட்டிக் கொடுத்து அனுப்பினார்.

இனிக் காட்சி. அன்றிரவு தொட்டி கத்திரிப்பூ நிறத்தில் ஜொலித்தது. மீன் மட்டும் கருத்துவிட்டது. காரணம் எளிது. ஆரஞ்சு நிறப் பொருள் ஆரஞ்சு ஒளியைத் திருப்பி அனுப்புவதால்தான் ஆரஞ்சாகத் தெரிகிறது. தனி நீலத்தில் ஆரஞ்சே இல்லாதபோது எதைத் திருப்பி அனுப்பும்? டல்லடிக்காமலிருக்க வாங்கிய விளக்கே டல்லடிக்க வைத்தது.

இந்நிலையில் ஆய்வேடு மதிப்பீட்டுக்குப் போனது. மதிப்பீட்டாளர், அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற அத்தை. வாசற்படியிலேயே நின்று, “என்னாடா இது, மஞ்சக்காமாலைப் புள்ளைய வக்கிற லைட்ட மீனுக்குப் போட்டு வச்சிருக்க?” என்றார். அறிவியல்படி அத்தை சொன்னது சரி. பிறந்த குழந்தையின் மஞ்சள்காமாலைக்குக் காட்டும் ஒளி 460 நானோமீட்டரை ஒட்டிய நீலம். பவளத்துக்குக் காட்டும் நீலமும் ஏறக்குறைய அதுவே.

அந்த நீலத்தைப் பிரகாசமான எல்.இ.டி.யாகச் செய்துகாட்டிய ஷுஜி நகமுராவுக்கும், அவருடன் அகாசாகி, அமானோ இருவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. நம் வீட்டு வெள்ளை எல்.இ.டி.யும் பெரும்பாலும் நீலச் சில்லின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியதுதான். அதாவது நீலம் ஏற்கனவே நம் வீட்டுக் கூடத்தில் மஞ்சள் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. தனியாகக் காசு கொடுத்து அழைத்து வந்தது வீண்.

37-ஆம் நாள் ஸ்டிரிப் செத்தது. காற்று பம்ப்பின் குமிழ்கள் மேலே வந்து உடையும்போது தெறிக்கும் திவலை காய்ந்து, விளக்கெங்கும் உப்புப் பூத்துவிட்டது. செம்பு பச்சையாகிவிட்டது. உறையைத் தேடி எடுத்துப் பார்த்தால் ஐ.பி. 20 என்றிருக்கிறது. அதில் இரண்டாவது எண் தண்ணீருக்கானது. பூஜ்யம் என்றால் காப்பு இல்லை, 5 என்றால் பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும், 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். கெல்வினைக் கேட்டு மயங்குகிறவர்கள் இந்தச் சின்ன எண்ணைப் படிப்பதில்லை. ஆய்வாளரும் படிக்கவில்லை.

கடைசியாகக் கருதல். ரீஃப் லைட் யாருக்கு? பவளத்துக்கு. பவளத்தின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசி ஒளிச்சேர்க்கை செய்து வீட்டுக்காரருக்கும் சோறு போடுகிறது. கடலுக்குள் ஆழம் வரை இறங்குவது நீல ஒளி என்பதால் அதற்கு நீலம் வேண்டும். ஆனால் 2001 முதல் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் பெயர்த்து வந்து தொட்டியில் வைத்தால் விளக்கைப் பற்றியல்ல, வக்கீலைப் பற்றித்தான் ஆராய வேண்டியிருக்கும். ஆய்வாளரின் தொட்டியில் இருப்பது பிளாஸ்டிக் பவளம். அது ஒளிச்சேர்க்கை செய்வதாக இதுவரை தகவல் இல்லை.

மீனுக்கோ பகல், இரவு தெரிந்தால் போதும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்திருக்கிறது. அப்படிப் பிறந்த மீன் பல்பைப் பார்த்து வளர்ந்த பிறவி. அதற்குக் கடலின் நீலம் நினைவிருக்க வழியில்லை.

விளக்குப் பெட்டியில் போட்டிருக்கும் லூமன் கணக்கும் இங்கே நீலம் வேண்டாம் என்பதையே உறுதிசெய்கிறது. லூமன் மனிதக் கண்ணுக்கு வைத்த படி. 555 நானோமீட்டர் பச்சை ஒளி ஒரு வாட்டுக்கு 683 லூமன். அதே ஒரு வாட் 450 நானோமீட்டர் நீலமாக இருந்தால் 30 லூமன்கூடத் தேறாது. பவளம் லூமனைப் பார்ப்பதில்லை. தொட்டிக்கு முன் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரும் நாம்தான் பார்க்கிறோம். ஆகவே விளக்கு நமக்கு.

தீர்ப்பு: தொட்டியின் மேல் ஒரு கண்ணாடி மூடி, திவலையைத் தடுக்க. காற்று போக ஓரத்தில் இடைவெளி. மூடிக்கு மேலே, 6500 கெல்வின் என்று போட்ட சாதாரண 9 வாட் வெள்ளை எல்.இ.டி. பல்பு. ஒயர் சற்றுத் தாழத் தொங்கி மேலேறிப் பிளக்குக்குப் போகட்டும். வழியும் தண்ணீர் அந்தத் தாழ்விலேயே சொட்டிவிடும். தினமும் 8 மணி நேரம். இரண்டு மாதத்துக்கு 4.3 யூனிட், அரசின் 100 இலவச யூனிட்டுக்குள் மீன் சத்தமில்லாமல் அடங்கிவிடும். 14 மணி நேரம் எரியவிட்டும் ஆய்வாளர் சோதித்தார். கண்ணாடியெல்லாம் பழுப்புப் பாசி படிந்து, மீன் இருக்கிறதா என்பதே ஆய்வுச் சிக்கலானது.

விளக்குப் பிரச்சினை இத்துடன் தீர்ந்தது. தண்ணீர்ப் பிரச்சினை தீரவில்லை. வாரம் ஐந்து லிட்டர் மாற்ற வேண்டும். பரங்கிப்பேட்டைப் பக்கம் போய்வரும் வாசகர்கள் தயவுசெய்து ஒரு கேன் மொண்டு வாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் முகத்துவாரத்தில் மட்டும் மொள்ள வேண்டாம், ஆற்றுத் தண்ணீர் கலந்து உப்புக் குறைந்திருக்கும். லக்கேஜ் டிக்கெட் என் செலவு.