காசு கொடுத்து வாங்கிய வெயில்

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று அம்மா ஆரம்பித்தபோது, பதிலைத் தயாராக வைத்திருந்தேன். "நம்ம அரியலூர் மண்ணு ஊர்வன ஜாதிக்கே பேர்போனதும்மா. கல்லமேட்டுல கிடைச்ச டைனோசர் எலும்புக்கு 1987-லயே பிருகத்காயோசாரஸ்னு பேர் வச்சாங்க. யானையெல்லாம் அதுக்கு முன்னால குட்டி." அம்மா வெற்றிலையை மடித்தபடி கேட்டார்: "அது உருப்பட்டுச்சா?"

ஆமை வளர்க்க ஆசைப்பட்ட மகளுக்கு முதலில் பிடித்தது நட்சத்திர ஆமை. விசாரித்தால், அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உட்கார்ந்திருக்கிறது. பிடித்து வளர்த்தால் மூன்று முதல் ஏழு வருஷம் உள்ளே. ஆமைக்குப் பின்னாலேயே அமீனாவும் வந்துவிடுவார் போலிருந்தது. அதனால் பெரம்பலூரில் மீன்தொட்டி விற்கிற ஒரு கடையில், காதோரம் சிவப்புப் பட்டை போட்ட அமெரிக்க ஆமைக்குஞ்சு ஒன்று வாங்கினேன். உள்ளங்கையில் பாதிகூட இல்லை. "இதுக்கு மேல வளராது சார்" என்றார் கடைக்காரர். கத்தரிக்காயைக்கூட காம்பு பார்த்து வாங்குகிறவன் நான், தலையாட்டிவிட்டு வந்தேன்.

மகள் படித்துச் சொன்னாள்: பெண் ஆமையென்றால் ஒரு அடிகூட வளரும், முப்பது வருஷம் இருக்கும். பெரிய தொட்டி, ஃபில்டர், ஏறிக் காய ஒரு கல், எல்லாவற்றுக்கும் மேலே புறஊதா பி கதிர். அது இல்லாவிட்டால் சுண்ணாம்புச்சத்து உடம்பில் சேராமல் ஓடு இளகிவிடுமாம்.

"ஜன்னலோரம் வச்சா போச்சு."

"கண்ணாடி அந்தக் கதிரை உள்ள விடாதுப்பா."

மொட்டைமாடி? சித்திரை வெயிலில் ஆமை வெந்துவிடும். ஆக, நிழலுக்கு ஆள் தவிக்கிற பெரம்பலூரில், வெயிலைப் பல்பாக விலை கொடுத்து வாங்கி வந்தேன். அதிலும் ஒரு சூட்சுமம்: வெளிச்சம் வந்துகொண்டே இருக்கும், கதிர் மட்டும் சில மாதங்களில் தீர்ந்துவிடும். நன்றாக எரிகிற பல்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு மாட்டுகிற ஒரே ஆள் எங்கள் தெருவில் நான்தான். லைன்மேன்கூட ஒருமுறை நின்று பார்த்துவிட்டுப் போனார்.

ஆமை மேலே சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்று தெரிந்த நாளிலிருந்து, சமையலறை வாசலில் இரண்டு கையையும் நீட்டிக் காட்டித்தான் காப்பி வாங்குகிறேன். ஆமையைத் தொடாத நாளிலும்.

"கரைவெட்டி ஏரியில விட்டுட்டு வாடா" என்கிறார் அம்மா. விடக்கூடாது. உலகத்தின் மோசமான நூறு ஊடுருவல் உயிரினங்களில் இதுவும் ஒன்று. ஏரியோ 2024-ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் ஏறியது. உள்ளூர் ஆமையின் சோற்றையும் இடத்தையும் இது பிடுங்கிக்கொள்ளும். இப்போதைக்கு என் இடத்தைத்தான் பிடுங்கியிருக்கிறது: தொட்டி வந்ததும் என் சாய்வு நாற்காலி திண்ணைக்குப் போனது.

போன வாரம் மகளுக்கு வரன் சொல்ல வந்த தரகரிடம், எனக்கப்புறம் ஆமையைப் பார்த்துக்கொள்கிற பையனாக இருக்கணும் என்றேன். அவர் என் மனைவியைப் பார்த்தார்.

"ஆமையோட இவரையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போறதா இருந்தா, ஜாதகமே வேணாங்க" என்றாள்.