பலூனுக்கு முன்னாலை வாயைக் கட்டு

வா தம்பி, இப்பிடி இரு. மோட்டசைக்கிளை ஏன் வேலியோடை சாத்தினனீ? ஸ்ராண்டு முறிஞ்சுபோச்சோ, காலுக்கு ஸ்ராண்டு தட்டுப்படேல்லையோ? சரி, நான் ஒண்டும் கேக்கேல்லை. பண்ணைப் பாலத்தாலை யாழ்ப்பாணம் போறியாம், பொலிஸ் மறிச்சால் உனக்கென்ன உரித்து எண்டு நான் சொல்லித்தரட்டாம். குடிச்சுப்போட்டுச் சட்டம் படிக்க வந்த முதல் பிள்ளை நீதான்!

கேள். 1951ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலை 151ஆம் பிரிவு. 100 மில்லிலீற்றர் இரத்தத்திலை 80 மில்லிகிராம் மதுசாரம் எண்டது கோடு. தவறணைக் கள்ளோ, வெளிநாட்டு மச்சான் கொண்டந்த போத்தலோ எண்டு அது பாக்காது. "கள்ளு மருந்து" எண்ட கதையை மனுசியிட்டைச் சொல்லு. அவ நம்பமாட்டா, ஆனா வழக்கும் போடமாட்டா.

சந்தேகம் வந்தால்தான் பலூனை ஊதச் சொல்லுவினம், இல்லாட்டி டாக்குத்தரிட்டை அனுப்புவினம். "ஊதமாட்டன், என்ரை உரிமை" எண்டு நெஞ்சை நிமித்தாதை. மறுத்தால் நீ குடிச்சனீ எண்டே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை எண்டு காட்டுறது உன்ரை தலையிலை. பொலிசுக்குச் சொன்ன குற்ற ஒப்புதல் கோட்டிலை செல்லாது எண்டு சாட்சியச் சட்டம் சொல்லுது. ஆனா பலூன் சொன்னது செல்லும்.

பிடிச்சால் ஏன் எண்டு சொல்லவேணும். அரசியலமைப்பிலை 13ஆம் உறுப்புரை. விளங்காத பாஷையிலை எழுதினதுக்குக் கையெழுத்து வையாதை, தமிழிலை கேள். வழக்குப் பேச லோயர் வைக்கலாம். காசில்லாட்டி சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு. காசை மட்டும் சுருட்டிக் கைக்குள்ளை வைச்சு நீட்டாதை, அது இதைவிடப் பெரிய வழக்கு.

24 மணித்தியாலத்துக்குள்ளை நீதவானிட்டைக் கொண்டுபோகவேணும். ஆனா பயண நேரம் அந்தக் கணக்கிலை இல்லை. நெடுந்தீவிலை பிடிபட்டியோ, குறிகட்டுவானுக்கு வள்ளம் வாற நேரத்தை ஆர் எண்ணுறது? வாடைக்காத்து வீசினால் கடலும் பொலிசின்ரை பக்கம்தான். 151ஆம் பிரிவு மோட்டார் வண்டிக்குத்தானே எண்டு அங்கத்தைக் குதிரையிலை ஏறவும் யோசியாதை. அது நிதானமானது, உன்னை ஏத்தாது.

இவ்வளவும் பாடமாக்கினாலும் பிரயோசனமில்லையடா. என்ரை கூட்டாளி ஒருத்தன் முந்தி ஒரு சந்தியிலை மறிபட்டான். பொலிஸ்காரர் "லைற் எரியேல்லை" எண்டு சொல்ல வாய் திறந்தவர். அதுக்குள்ளை இவன் முந்திக்கொண்டு, "ஐயா, இரண்டே இரண்டு பிளாக் கள்ளுத்தான்!" எண்டிட்டான். பொலிசிட்டை இல்லாத சந்தேகத்தை இவன் தானே கொண்டுபோய்க் குடுத்தான். பிறகென்ன, பலூன் வந்தது, குழாய்க்குள்ளை மஞ்சள் பச்சையாச்சு. இப்ப எண்டால் 25,000 ரூபாய்க்குக் குறையாத தண்டம், லைசென்சையும் நிப்பாட்டிவைப்பினம்.

அதுதான் சங்கதி. பேசாமல் இருக்கிறதுதான் உனக்கிருக்கிற பெரிய உரித்து. கள்ளு முதல்லை அவிழ்க்கிறதும் அந்த வாய்க்கட்டைத்தான். வந்து கால் மணித்தியாலமாகேல்லை, எத்தினை பிளா, ஆரோடை, எந்தக் கொட்டிலிலை எண்டு எல்லாம் சொல்லிப்போட்டாய். நான் ஒரு கேள்வியும் கேக்கேல்லை, பலூனும் வைச்சிருக்கேல்லை.

திறப்பை இஞ்சை தா. என்ரை கொட்டைப்பெட்டிக்குள்ளை பாக்குச்சீவலோடை கிடக்கட்டும். திண்ணையிலை பாய் கிடக்கு, சரி. காலமை எழும்பி வாங்கிக்கொண்டு போ.

அதுசரி, அந்தக் கொட்டிலிலை இப்பவும் ஆளிருக்குமோ? நடந்துபோற தூரம்தானே?