கண்ணாடித் தொட்டியுள் புறத்திணை

ஆய்வுப் பொருள்: வீட்டில் வளரும் சண்டைக்கார சிக்லிட் மீன்கள். ஆய்வுக் களம்: ஹாலில் டி.வி.க்கும் செருப்பு ஸ்டாண்டுக்கும் இடைப்பட்ட நிலம். ஆய்வு எல்லை: கை உள்ளே போகாத வரை. இப்பொருளில் இதற்குமுன் ஆய்வு நிகழ்ந்ததில்லை எனத் துணிந்து கூறலாம். எல்லா ஆய்வேட்டு முன்னுரையும் அப்படித்தான் கூறுகிறது. எவரும் நூலகம் வரை போய்ப் பார்ப்பதில்லை.

மீன் இருவகைப்படும். கடிப்பது, கடிக்கக் காத்திருப்பது. இதற்குமேல் விரிப்பின் பெருகும்.

‘அரியது’ யாதெனின், கொளத்தூர் வண்ணமீன் கடைத்தெருவில் “சார், இது ரேர் பீஸ்” எனச் சொல்லப்படும் அனைத்தும். அதே தொட்டியில் அதே மீன் இன்னும் முப்பது நீந்துவது இவ்விலக்கணத்தைப் பாதிக்காது (கடைக்காரர், வாய்மொழி, பில் கேட்டதும் உரை நின்றுவிட்டது).

நம் ஆய்வுக்குரிய தலைமகன் ஃபிளவர்ஹார்ன். எந்த ஆற்றிலும் பிறவாதவன். 1990களில் மலேசியாவில் நடு அமெரிக்க சிக்லிட்டுகளை ஒன்றோடொன்று கலந்து உண்டாக்கினார்கள். பொருந்தாக் காதலில் பிறந்தமையின் பெருந்திணை என்க. நெற்றிப் புடைப்பு பெருகப் பெருக விலை ஏறும். விலாவில் உள்ள கறும்புள்ளிகள் சீன எழுத்துப் போலத் தோன்றினால் இன்னும் ஏறும். உள்ளே மூளை எவ்வளவு என்று எவரும் கேட்பதில்லை. வாஸ்துவுக்கு நல்லது என்று வாங்குகிறார்கள். கரன்ட் பில்லுக்கு நல்லதன்று (மாமனார், ‘மோட்டாரும் ஹீட்டரும்: சில ஐயங்கள்’, இரண்டாம் பதிப்பு, திருத்தியும் உரத்தும் கூறியது).

சிக்லிட் மீனுக்குத் தாடை இரண்டு செட். வாயிலுள்ளது பிடிக்க, தொண்டைக்குள் இருப்பது அரைக்க. இவ்வமைப்பு மனிதருக்கு இல்லை என்பர். வாய்மொழித் தேர்வுக்கு வரும் புறத்தேர்வாளரைப் பார்த்திராதவர்கள் அப்படிச் சொல்லலாம்.

இனித் திணைப் பாகுபாடு. திணை கூறாமல் தமிழில் பட்டம் தரமாட்டார்கள் ஆகலின் கூறுதும். பக்கத்து மீனின் பெல்லட் தீனியைக் கவர்தல் வெட்சி. மீட்டல் கரந்தை. சாய்த்துவைத்த பூந்தொட்டியை வளைத்து முற்றுகையிடல் உழிஞை. உள்ளிருந்து காத்தல் நொச்சி. செவுள் விரித்து, வாயோடு வாய் கவ்வி, சரளைக்கல் பறக்க இழுத்தல் தும்பை. தீனி டப்பாவின் மூடி திறக்கும் ஓசை கேட்டதும் உரிமையாளர்முன் வந்து உடல் நெளித்தல் பாடாண். கரந்தை தனித்திணையா, வெட்சியுள் அடங்குமா என்பதில் தொல்காப்பியமும் புறப்பொருள் வெண்பாமாலையும் வேறுபடும். தொட்டியில் இச்சிக்கல் எழவில்லை. மீட்பதற்குள் பெல்லட் விழுங்கப்பட்டுவிடுகிறது.

வெற்றித் திணையாகிய வாகைக்கு மட்டும் சான்று வெளிநாட்டிலிருந்து வேண்டியிருந்தது. ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரிப் பகுதி சிக்லிட் ஒன்றை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உயிரியலாளர் ரஸ்ஸல் ஃபெர்னால்ட் பல்லாண்டு ஆராய்ந்தார். அதில் ஆளும் ஆணுக்குப் பளிச்சென்ற நிறமும் கண்ணருகே ஒரு கறுப்புக் கோடும் இருக்கும். அடங்கிக் கிடக்கும் ஆண்கள் சாம்பலாக, பெண்மீன் போலத் திரியும். ஆள்பவனை வெளியே எடுத்தால் போதும். அதுவரை அடங்கியிருந்தது சில நிமிடங்களில் நிறமேறி, கோடு தோன்றி, எல்லோரையும் விரட்டத் தொடங்கும். அரும்பெரும் ஆய்வுதான். ஆயினும் துறைத்தலைவர் ஓய்வுபெறும் மாதத்தின் கடைசி நாள் பிற்பகலில் ஏதேனும் ஒரு தமிழ்த்துறை வராந்தாவில் போய் நின்றிருந்தால் விமானச் செலவோடு முடிந்திருக்கும்.

இனி இவ்வேட்டின் உயிர்நாடி: பக்கத்து வீட்டுக்காரர் கோட்பாடு.

1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரன்ஸ், மூர்க்கத்தைப் பற்றி 1963இல் எழுதிய நூலில் சிக்லிட் தம்பதிகளைக் கூர்ந்து பார்க்கிறார். தொட்டியில் ஒரு ஜோடி மட்டும் தனித்து இருந்தால் கணவன் மனைவியைக் கடித்தே கொன்றுவிடுகிறது. ஏன்? கடிக்க வேறு ஆள் இல்லை. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இன்னொரு ஜோடியை விட்டால், அதைப் பார்த்துச் சீறிச் சீறி, இங்கே இல்லறம் நல்லறமாகிறது. தடுப்பில் பாசி படிந்து அப்பக்கம் மங்கினால் மறுபடியும் மனைவிக்கு ஆபத்து. எனவே வீட்டில் பூசல் தொடங்கினால் செய்யவேண்டியது கண்ணாடியைத் துடைப்பது. துடைத்ததும் எதிரி தெளிவாகத் தெரிவான், அன்பு மலரும்.

இக்கோட்பாட்டின் வீச்சை லோரன்ஸ் முழுதும் உணரவில்லை என்பது என் கருத்து. (முன்னோடியை இப்படி ஒரு வரியில் மறுத்தால்தான் ஆய்வேடு தடிக்கும்.) எங்கள் இல்லத்தில் கணவனும் மனைவியும் ஒத்த கருத்தோடு பேசும் பொருள் ஒன்றே: மாடிவீட்டுக்காரர் பால்கனி கழுவும் தண்ணீர் எங்கள் துணிக்கொடியில் சொட்டுவது. சொட்டும் நாள்களில் காபி தானே வருகிறது. அவர் ஊருக்குப் போயிருக்கும் நாள்களில், தொட்டிக்கு இவ்வளவு செலவு தேவையா என்ற வினா எழுகிறது (மனைவி, விளக்கணைத்த பின் ஆற்றிய உரை, அதன் விரிந்த பாடம்: மாமியார், தொலைபேசிப் பேருரை, ஸ்பீக்கர் வடிவம், எனக்குக் கூறியதன்று, எனக்குக் கேட்கும்படி மகளுக்குக் கூறியது, குக்கர் விசிலால் நடுவில் சில வரிகள் சிதைந்துள்ளன, கிடைத்தவரை போதும்).

எதிரிக்கு இன்னொரு மீன் வாங்க வசதியில்லாதோர் முகம் பார்க்கும் கண்ணாடியை வெளியே சாய்த்துவைப்பர். தன் உருவத்தைக் கண்டு மீன் சீறும். சீறினால் புடைப்பு வளரும் என்பது வளர்ப்போர் நம்பிக்கை. புனைபெயரில் மறுப்பெழுதி, சொந்தப் பெயரில் அதற்கு விடையெழுதி, இரண்டையும் ஒரே தொகுப்பில் சேர்த்த புலவர்கள் இம்முறையை முன்பே கையாண்டுள்ளனர்.

இனப்பெருக்கம். ஃபிளவர்ஹார்ன் ஆண்களில் மலடு மிகுதி. பெண் தளராமல் ஓட்டிலோ டைல்ஸிலோ வரிசையாக முட்டை ஒட்டிவைக்கும். ஆண் அதன்மேல் அரசன்போல் உலவும். கருவுறாத முட்டைகள் வெளுத்துப் பூஞ்சை பிடிக்கும். கருவுறச் செய்யும் ஆண் வாய்த்தாலும் நடுவே துளையிட்ட பிளாஸ்டிக் தடுப்பு வேண்டும், பெண் உயிரோடிருக்க. நீர் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் இருந்தால் மூன்று நாள் அளவில் முட்டை பொரிக்கும். இன்னும் சில நாளில் குஞ்சுகள் நீந்தும், ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிரை கேட்கும். எண்ணிக்கை நூற்றுக்கணக்கில்.

இவ்விடத்தில் முன்னை ஆசிரியர் எவரும் எழுப்பாத சிக்கல் ஒன்று: இத்தனை அரிய மீன்களையும் என்ன செய்வது? ஏரியில் விடலாகாது, சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களில் யாரோ அப்படி விட்டவை அங்கேயே குடும்பம் நடத்துகின்றன. கடைக்காரர், “ஃப்ரீயா குடுத்தா வெச்சிட்டுப் போங்க சார்” என்றார். உறவினர்கள் என் எண்ணைக் கண்டால் போனை எடுப்பதில்லை. கிரகப்பிரவேசத்துக்கு நாங்கள் கவரோடு வருகிறோமா கவரில் தண்ணீரோடு வருகிறோமா என்று முன்கூட்டியே விசாரிக்கிறார்கள். மாடிவீட்டுக்காரர் ஒருவர்தான் மறுக்காமல் இரண்டு வாங்கிப்போனார். தடுப்பு வைக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. கோட்பாட்டைச் சார்பின்றிச் சோதிக்க வேண்டியிருந்தது. இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டார். இப்போது ஒன்று வைத்திருக்கிறார். நன்றாகச் சாப்பிடுகிறதாம் (மாடிவீட்டுக்காரர், படிக்கட்டுக் குறிப்பு, முகங்கொடாமல் கூறியது).